சீதபேதி என்று நினைத்த நோய் - குடல் புற்றுநோய்ப் பரிசோதனையின் வரலாறு

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தில் உள்ள பேரூராட்சி மல்லாங்கிணறு. கரிசல் மண்ணும் கடும் வெயிலும் கொண்ட பகுதி. இந்தப் பக்கத்தில் வயதானவர்களுக்கு மலத்தோடு ரத்தம் போனால், வீட்டில் முதலில் சொல்லும் காரணம் "சூடு". அடுத்தது "மூலம்". கருணைக்கிழங்கு சமைப்பார்கள், துத்திக்கீரை பறித்து வருவார்கள், மோர் குடிக்கச் சொல்வார்கள். பல நேரங்களில் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் எல்லா நேரமும் அல்ல. பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோயும் இதே முகத்தோடுதான் வருகிறது. இந்த ஏமாற்றத்துக்குப் பெரிய மருத்துவர்களின் குடும்பம்கூடத் தப்பவில்லை என்பதே தமிழகத்தின் புற்றுநோய் வரலாறு சொல்லும் முதல் பாடம்.

அடையாறு மருத்துவமனை பிறந்த காரணம்

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவரே. அவருடைய தங்கை 1923-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். காரணம் குடலில் வந்த புற்றுநோய். ஆனால் மருத்துவர்கள் முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

அக்கா மருத்துவர், ஊர் சென்னை. அப்படியிருந்தும் நோயைக் கண்டுபிடிக்க முடியவில்லை! வளைந்து நெளிந்து கிடக்கும் பெருங்குடல் முழுவதையும் உள்ளே சென்று பார்க்கும் கருவி அன்று உலகில் எங்குமே இல்லை.

இந்த இழப்பை முத்துலட்சுமி மறக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற தன் விருப்பத்தை வெளிப்படையாகச் சொன்னார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 2021-ல் மறையும் வரை டாக்டர் சாந்தா வலியுறுத்தி வந்தது, நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்பதைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத ரத்தம்

குடல் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே நாளில் முளைப்பதில்லை. முதலில் குடலின் உட்சுவரில் மரு போன்ற ஒரு சிறு வளர்ச்சி தோன்றும். இதைப் பாலிப் என்பார்கள். எல்லாப் பாலிப்பும் புற்றாக மாறாது. மாறுபவைக்கும் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும். இந்தப் பத்து ஆண்டுகள்தான் மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம். அந்தக் காலத்தில் வலி இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் மட்டும் அவ்வப்போது கசியலாம்.

அந்த ரத்தத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு மரத்தின் பிசின்! குவாயாகம் என்ற அமெரிக்க மரத்தின் பிசின், ரத்தம் பட்டால் நீல நிறமாக மாறும். 1864-ல் ஹாலந்தைச் சேர்ந்த வான் டீன் இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தினார். நூறு ஆண்டுகள் கழித்து, 1967-ல் அமெரிக்க மருத்துவர் கிரீகர், பிசின் தடவிய அட்டைகளை மக்களின் வீட்டுக்கே கொடுத்தனுப்பி, மலத்தை அதில் தடவித் தரச் சொல்லிப் பரிசோதிக்கும் முறையை எழுதினார். 1969-ல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் கொலோனோஸ்கோப் கருவியைக் குடலுக்குள் செலுத்தி, வயிற்றைக் கிழிக்காமலேயே பாலிப்பை வெட்டி எடுத்தார்கள். அதாவது நோயைக் கண்டுபிடிப்பது மட்டுமல்ல, வருமுன் தடுப்பதும் முடியும் என்றானது.

இதனால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறார்களா? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 50 முதல் 80 வயது வரை உள்ள 46,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடையே குடல் புற்றுநோய்ச் சாவு 33 சதவீதம் குறைந்தது என்று 1993-ல் முடிவு வெளியானது. ஜப்பான் 1992-லும் இங்கிலாந்து 2006-லும் இதை நாட்டுத் திட்டமாகவே தொடங்கின.

திண்டுக்கல் காட்டிய வழி

இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குத்தான் என்று சொல்லிவிட முடியாது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு முதல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்களே பெண்களைப் பரிசோதித்தார்கள். ஒரே ஒரு முறை செய்த எளிய பரிசோதனையால் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. பருத்தியும் சோளமும் விளையும் ஊர்களிலும் பரிசோதனை உயிர் காக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

2016-ல் மத்திய அரசு, 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கான பரிசோதனை வழிமுறையை வகுத்தது. குடல் புற்றுநோய் அதில் இல்லை. இந்தியாவில் அந்த நோய் மேலைநாடுகளை விடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருள் அல்லவே! வீடு தேடி யாரும் வந்து கேட்காத நிலையில், முதியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் கேட்டுச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

தொந்தரவு எதுவும் இல்லாதவர்களும் 45 அல்லது 50 வயதிலிருந்து 75 வயது வரை பரிசோதித்துக்கொள்வது நல்லது என்பது பல நாட்டு மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை. மலப் பரிசோதனை என்றால் ஆண்டுக்கு ஒரு முறை. கொலோனோஸ்கோப்பியில் எதுவும் இல்லை என்று வந்தால் அடுத்தது பத்து ஆண்டுகள் கழித்துப் போதும். மலப் பரிசோதனையில் ரத்தம் இருப்பதாக வந்தால் புற்றுநோய் என்று பயப்பட வேண்டியதில்லை; ஆனால் கொலோனோஸ்கோப்பி கட்டாயம் செய்ய வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்த நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

ஏற்கனவே ரத்தம் போகிறவர்கள், காரணமில்லாமல் ரத்தசோகை வந்தவர்கள், உடல் மெலிகிறவர்கள், மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறியவர்கள் பரிசோதனை முறை வரும் என்று காத்திருக்கக் கூடாது. நேரே மருத்துவரிடம் போக வேண்டும். மல்லாங்கிணற்றுக்காரர்களுக்கு அது தூரமும் இல்லை. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குடல் நோய்களுக்கென்றே தனிப் பிரிவு உள்ளது.

1923-ல் ஒரு மருத்துவரின் தங்கைக்குக் கிடைக்காத கருவிகள் இன்று பக்கத்து நகரத்திலேயே இருக்கின்றன. தடையாக இருப்பது கூச்சம்தான். மலத்தைப் பற்றிப் பேசுவதற்கு வெட்கப்பட்டு, அந்தப் பத்து ஆண்டு அவகாசத்தை யாரும் வீணாக்கிவிடக் கூடாது.