துண்டுப்பிரசுரத்தில் தொடங்கிய ஒரு படிப்பு

ஏ.எல். முடிச்சிட்டு "கொம்யூனிகேஷன் டிசைன் படிக்கப்போறன்" எண்டு சொன்னால், எங்கட வீடுகளில் முதலில் வாற கேள்வி, "படம் கீறிச் சோறு தின்னலாமோ?" "போஸ்டர் அடிக்கிறதுக்கு ஏன் கம்பஸ்?" என்பது இரண்டாவது. பதில் சொல்லமுதல் இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1943 பெப்ரவரி 18. மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஹிட்லருக்கு எதிரான துண்டுப்பிரசுரங்களைப் போட்ட ஹான்ஸ் ஷோலும் தங்கை சோஃபியும் பிடிபட்டார்கள். 22ஆம் திகதி இருவரும் கொல்லப்பட்டார்கள். சோஃபிக்கு வயது 21. கையால் சுற்றுகிற ரோனியோ மெஷினில் அடித்த சில தாள்கள்தான் குற்றம். அதே நேரம் அந்த அரசே போஸ்டர், வானொலி, சினிமா எல்லாவற்றையும் பயன்படுத்திப் பொய்யை அழகாக விற்றுக்கொண்டிருந்தது.

போர் முடிந்தபின் அவர்களின் மூத்த சகோதரி இங்கெ ஷோல், ஓட்ல் ஐஷர், மக்ஸ் பில் ஆகியோர் சேர்ந்து 1953இல் உல்ம் நகரில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அங்கே ஒரு துறைக்கு 'காட்சித் தொடர்பாடல்' என்று பெயர். விளம்பரம் செய்வதை விட வீதிக் குறியீடு, இயந்திர விளக்கப்படம், அறிவியலைப் படமாக்கிச் சொல்வது போன்றவைதான் அதன் முக்கிய வேலை. ஆளை மயக்காமல் ஆளுக்கு விளங்கச் சொல்ல வேணும்; அதுதான் விசயம்.

காசுப் பிரச்சினையாலும் உள் முரண்பாடுகளாலும் 1968இல் கல்லூரி மூடப்பட்டது. ஆனால் 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு ஐஷர் குழு செய்த விளையாட்டுக் குறியீடுகளின் வழிவந்தவற்றை இண்டைக்கும் விமான நிலையங்களில் பார்க்கலாம்.

உல்மில் படித்தவர்களில் ஒருவர் சுதாகர் நட்கர்ணி. 1969இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு மையத்தைக் கட்டியெழுப்பியவர் அவர்தான். அங்கே படித்த தமிழர் உதயகுமார் செய்த ₹ குறியீட்டை 2010 ஜூலை 15இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. எங்களுக்கு அதைவிட முக்கியம், அவர் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தது தமிழ் அச்செழுத்தை. துண்டுப்பிரசுரத்தில் தொடங்கிய கோடு, ஏதோ ஒரு வழியில் எங்கட எழுத்துவரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

சரி, சோறு? செயலிகளின் திரை வடிவமைப்பு, எழுத்துரு உருவாக்கம், புத்தகம், பத்திரிகை, தரவுகளைப் படமாக்குதல், அனிமேஷன், அருங்காட்சியகம், வைத்தியசாலை வழிகாட்டிப் பலகைகள் என்று வேலை பல பக்கமும் இருக்கு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்பும் இருக்கு; உளச்சார்புப் பரீட்சை எழுத வேணும். மென்பொருள் தெரிஞ்சால் மட்டும் போதாது. மென்பொருள் மாறும், ஆர் வாசிக்கப்போறார், எந்த வெளிச்சத்தில், எந்த மொழியில் என்று கேட்கிற பழக்கம் மாறாது.

இந்த நாட்டில் பெயர்ப்பலகைத் தமிழ் எவ்வளவு பிழையோட தொங்குது எண்டு எல்லாருக்கும் தெரியும். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடம் விட்டு, மிச்சத்தில் தமிழை நெருக்கி வைக்கிற பலகைகளும் உண்டு. அதைப் படம் எடுத்துப் போட்டுச் சிரிக்கிறம். அந்த மேசையில் தமிழ் தெரிஞ்ச வடிவமைப்பாளர் ஒருவர் இருந்திருந்தால் பலகை வேறமாதிரி இருந்திருக்கும். வெள்ள எச்சரிக்கையோ மருந்துச் சீட்டோ என்றால், வாசிக்க முடியாத தமிழ் சிரிக்கிற விசயமும் இல்லை.

அந்த மேசைக்குப் போக ஆக்கள் வேணும். படம் கீறுகிற தம்பி தங்கச்சியை மறிக்கமுதல் இதையும் ஒருக்கா யோசிப்பம்.