இருநூறு மைல் ஆகாயம்

லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவே நேர்கோட்டில் அளந்தால் சுமார் 215 மைல் தூரம். எத்தனையோ ராஜாக்கள் வந்து போனார்கள். தூரம் மட்டும் மாறவில்லை. மாறியதெல்லாம் அதைக் கடக்கிற நேரந்தான்.

1785-ம் வருஷம் ஜனவரி 7-ம் தேதி, பிளான்ஷார், ஜெஃப்ரீஸ் என்ற இருவர் டோவரில் பலூன் ஏறி, இடையிலுள்ள கால்வாயைத் தாண்டினார்கள். நடுக்கடலில் பலூன் கீழே இறங்கத் தொடங்கவே, சாமான்களை எறிந்தார்கள், போதவில்லை. உடுத்தியிருந்த துணிகளையும் கழற்றி எறிந்தார்கள். குளிரில் நடுங்கியபடி பிரான்ஸில் ஒரு காட்டில் போய் இறங்கினார்கள். மானம் பெரிதா, உயிர் பெரிதா என்ற பழைய கேள்விக்கு அன்று ஆகாயத்தில் விடை கிடைத்தது!

1919 ஆகஸ்டு 25-ம் தேதி லண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து பாரிஸுக்குத் தினசரி விமான சர்வீஸ் தொடங்கிற்று. யுத்தத்துக்காகச் செய்த குண்டு விமானத்தைத்தான் திருத்தி அமைத்திருந்தார்கள். முதல் நாள் பிரயாணி ஒருவரே. கூடவே பத்திரிகைக் கட்டு, தோல், பாலேடு, வேட்டைப் பறவைகள். பிரயாண நேரம் சுமார் இரண்டரை மணி.

அக்காலத்து விமானிக்கு ஆகாயத்தில் பாதை ஏது? கீழே தெரிகிற ரஸ்தாவும் ரயில் தண்டவாளமுந்தான் அவனுக்கு வழிகாட்டி. மூடுபனி கவிந்தால் இன்னும் தாழப் பறந்து தேடுவான். 1922 ஏப்ரல் 7-ம் தேதி அப்படித்தான் நடந்தது. லண்டனிலிருந்து ஒரு விமானம் தபால் ஏற்றிக்கொண்டு வந்தது. பாரிஸிலிருந்து இன்னொன்று, மூன்று பிரயாணிகளோடு எதிரே புறப்பட்டது. அவர்களில் ஒரு புதுமணத் தம்பதி. வட பிரான்ஸில், தூறலும் பனியுமாக இருந்த வேளையில், ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டு இரண்டும் எதிரெதிராக வந்தன. மோதின. ஏழு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

வழி தவறியதால் நேர்ந்த விபத்தல்ல அது. இருவரும் சரியான வழியில் வந்ததால் நேர்ந்தது. எல்லையற்ற ஆகாயத்திலும் இரண்டு பேர் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இடமில்லாமல் போய்விடுகிறது.

அதன் பிறகுதான் விமானக் கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். வலப்பக்கம் ஒதுங்கிப் பறக்க வேண்டும், இன்னின்ன தடத்தில் போக வேண்டும் என்றெல்லாம் ஏற்பாடு செய்தார்கள். சாலைக்குள்ள ஒழுங்கு ஆகாயத்துக்கும் வந்தது.

இன்று ஜெட் விமானம் பறப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான். ஆனால் ஊருக்கு வெளியே விமான நிலையம் போவதும், அங்கே காத்திருப்பதும், சோதனைக்கு நிற்பதும் தனிக் கணக்கு. 1994-ல் கடலுக்கடியில் சுரங்கம் திறந்தபின், ரயில் நகரத்தின் நடுவில் ஏற்றி நகரத்தின் நடுவில் இறக்கிவிடுகிறது. இரண்டே கால் மணிக்குச் சற்று மேல் ஆகிறது. 1919-ம் வருஷத்து விமானத்தின் நேரத்துக்கே ஏறத்தாழத் திரும்பி வந்திருக்கிறோம்!

ஆகவே வேகத்தை நாம் பெரிய லாபமாக எழுதிக்கொள்ள வேண்டாம். அந்த 215 மைலில் மனிதன் சம்பாதித்த மெய்யான லாபம், எதிரே ஒருவன் வரக்கூடும் என்ற நினைப்பு. அதற்கு ஏழு உயிர்கள் விலை கொடுத்தன.