குடும்ப வரலாறும் குடாநாட்டு ஆவணங்களும்

இலங்கையின் பிறப்புச் சான்றிதழைக் கூர்ந்து பார்த்தவர்கள், அதில் பாட்டனாரினதும் பூட்டனாரினதும் விபரம் கேட்கும் கூடுகள் இருப்பதை அறிவர். இதன் பின்னணியில் நிற்பது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமாகும். மூதாதையரின் பிறப்பைக் கடதாசியில் நிரூபிக்க இயலாத இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் அச்சட்டத்தால் நாடற்றோராயினர். எனவே வம்சாவளி தேடுதல் எமது நாட்டில் வெறும் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு அன்று.

இத்தேடலில் முன்னின்று உழைத்தவர்கள் அயர்லாந்துக்காரர். 1922 ஜூன் 30ஆம் திகதி, உள்நாட்டுப் போரின்போது டப்ளினிலிருந்த பொது ஆவணக் காப்பகம் தீயில் அழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக் குடிசன மதிப்பீட்டுப் படிவங்களுட் பெரும்பாலானவை சாம்பலாயின. ஆயினும் பஞ்சத்தால் உலகெங்கும் சிதறிய அம்மக்களின் சந்ததியினர் தேடலைக் கைவிடவில்லை. 1847 முதல் 1864 வரை தயாரிக்கப்பட்ட காணி வரி மதிப்பீட்டு ஏடுகளையும், ஆலயப் பதிவேடுகளையும், வேறிடங்களில் எஞ்சிய பிரதிகளையும் கொண்டு அறுந்த இழைகளை முடிந்தனர். தீயின் நூற்றாண்டான 2022இல், அவ்வாறு திரட்டிய பிரதிகளைக் கொண்ட இணையக் காப்பகம் ஒன்றும் திறந்துவைக்கப்பட்டது.

1981இல் சுமார் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட யாழ். பொதுநூலகத்தை நினைவில் கொண்டிருப்போருக்கு இக்கதை அந்நியமானதல்ல. அந்நூலகம் உருவாக உழைத்தவர்களுள் ஒருவரான லோங் அடிகளார் அயர்லாந்தைச் சேர்ந்தவர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

அயர்லாந்துக்காரருக்குக் குடும்பப் பெயர் உண்டு, எமக்கு இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தந்தையின் பெயரையே முன்னெழுத்தாகக் கொள்வதால், பெயர் தலைமுறைதோறும் மாறுகின்றது. இது தொல்லை போலத் தோன்றினும் தேடுவோருக்கு அனுகூலமே. கையிலுள்ள ஒவ்வொரு பத்திரமும் ஒரு படி மேலே ஏற்றிவிடும். பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1867ஆம் ஆண்டின் சட்டத்தையொட்டியே முறைப்படத் தொடங்கின. அதற்கு முந்திய காலத்துக்கு வேறு வாயில்களைத் தட்ட வேண்டும்.

அவற்றுள் முதன்மையானது காணி உறுதி. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையின்படி முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து பிரிக்கப்பட்டமையால், காணி எவ்வழியாக வந்தது என்பதை உறுதி எழுதும் நொத்தாரிசு குறிப்பிட நேர்ந்தது. தந்தை வழியில் வந்ததா, தாயாரின் சீதனமா என்ற ஒரு வரியே இரு தலைமுறைகளைத் திறந்து காட்டும். எல்லை கூறுமிடத்தில் அயற்காணிக்காரரின் பெயர்களும் வரும். அவர்கள் பெரும்பாலும் இனத்தவர்களே. முஸ்லிம்களின் வாரிசுரிமை தேசவழமைக்கு உட்பட்டதன்று. 1931ஆம் ஆண்டின் தனிச்சட்டம் அதனை ஆளுகின்றது. ஆதலால் அவர்கள் உறுதியுடன் நிக்காஹ் பதிவையும், பள்ளிவாசல்களில் எழுதப்பட்ட பழைய கடுத்தங்களையும் சேர்த்துத் தேடுதல் நன்று.

இந்துக் குடும்பங்களில் ஏட்டுச் சாதகங்களும், அந்தியேட்டியன்று அச்சிட்டு வழங்கப்படும் கல்வெட்டுகளும் உண்டு. கல்வெட்டில் இறந்தவரின் முன்னோரும் கொண்டான் கொடுத்தான் உறவும் விபரமாக இடம்பெறும். அடுக்களைப் பரணில் கறையானுக்கு இரையாகும் இச்சிறு பிரசுரங்களின் பெறுமதியைப் பலர் உணர்வதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத் திட்டம் இத்தகைய நினைவு வெளியீடுகளையும் இணையத்தில் சேகரித்து வருகின்றது.

கிறிஸ்தவக் குடும்பத்தினர் ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் பாடசாலைகளில், மாணவர்களுக்கு அமெரிக்கப் பெயர்கள் சூட்டப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோரின் முன்பெயர்கள் அவ்வாறு வந்தவையே. அப்பெயரைப் பரம்பரைப் பெயரென நம்பி மேலே தேடினால் வழி தவறும்.

ஒல்லாந்தர் காலத்து ஆவணங்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளன. பெருமை தேடி அங்கு செல்வோர், தோம்புகளில் சாதியும் ஊழியமும் எழுதப்பட்டிருப்பதையும் காண நேரும். இலங்கையில் அடிமைமுறை 1844இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சில குடும்பங்களின் முன்னோர் உடைமையாளராகவும், வேறு சிலரின் முன்னோர் உடைமையாகவுமே பதிவாகியுள்ளனர்.

இவ்விடயம் மிகக் கூர்மையாகத் தைப்பது 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டே மணி அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களையே. சோனகதெருவில் வீட்டைப் பூட்டிச் சென்றவர்களுட் பலரின் உறுதிகளும் உள்ளேயே கிடந்தன. போரினால் காணியை விட்டகன்றோரின் உரிமை, பிறரது பத்தாண்டு ஆட்சியினால் அற்றுப்போகாதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் வழக்கிட இரண்டு ஆண்டுகளே தரப்பட்டன. புத்தளத்தில் அகதி வாழ்வு வாழ்ந்தவர்களுக்கு உறுதியின்றி வழக்கேது?

உறுதியைத் தொலைத்தவர்கள் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது சட்ட விதி. அப்பிரதி எஞ்சியிருப்பின் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். அதற்கு உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஆண்டு, காணியின் பெயர் ஆகியவற்றுள் ஒன்றிரண்டாவது தெரிந்திருக்க வேண்டும். இவற்றை அறிந்த முதியவர்கள் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் சிலரேனும் உளர். அவர்கள் வாய்மொழியாகச் சொல்வதைப் பிள்ளைகள் இவ்விடுமுறையிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.