சிலிண்டர் வேண்டாம் என்ற தீவு

ஜேஜு தீவின் ஹேன்யோக்களைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் 'கடல்கன்னிகள்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். தென்கொரியாவுக்குத் தெற்கே, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தீவு அது. அங்கே காற்று சிலிண்டர் இல்லாமல் தம் கட்டி இறங்கிச் சிப்பியும் நத்தையும் பாசியும் எடுத்து வரும் பெண்களின் பெயர் ஹேன்யோ. 2016இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டார்கள். சங்கு குளித்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தக் கன்னிக் கதை ஒட்டவே இல்லை. பிழைப்புக்குக் கடலில் இறங்குகிறவர்கள் யாரும் படம் பிடிக்க வசதியாக இறங்குவதில்லை. ஜேஜு பெண்களை ஆழத்துக்குத் தள்ளியது வரி.

ஹல்லா மலை கக்கிய பசால்ட் பாறை முழுக்கத் துளை. மழை கொட்டித் தீர்த்தாலும் தண்ணீர் நிற்காது. மண்ணுக்குள் இறங்கிக் கடலோரத்தில்தான் ஊற்றாக வெளியே வரும். நெல்லுக்கு வழியில்லை. ஊற்றை ஒட்டிக் கரையோரம் குடியேறி, பார்லியும் தினையும் விதைத்து, பற்றாததைக் கடலில் தேடினார்கள். அதே கரும்பாறையின் இடுக்குகளில் அபலோனிச் சிப்பி ஒட்டி வளர்ந்தது. அரண்மனைப் பந்திக்கு அது வேண்டும். அதனால் அபலோனி திறையாகப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

முதலில் அபலோனிக்காக ஆழத்தில் இறங்கியவர்கள் ஆண்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் பாசிதான். திறையின் பாரம் தாங்காமல் ஆண்கள் படகேறித் தப்பினார்கள். 1629இல் தீவை விட்டு யாரும் வெளியேறக் கூடாதென்று அரசு தடை போட்டது. ஏறக்குறைய 200 ஆண்டுகள் அது நீடித்தது. ஓடியவர்கள் வைத்துப்போன பாக்கி வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது. அதற்கெல்லாம் முன்பே, 15ஆம் நூற்றாண்டில், இங்கே ஆளுநராக இருந்த கி கொன், குளியாட்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு அபலோனி சாப்பிடுவதையே நிறுத்தினாராம். நல்ல மனுஷர்தான். திறை நிற்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது அடுத்த அடி. தலைக்கவசமும் காற்றுக் குழாயும் வைத்து முங்கும் ஜப்பானியப் படகுகள் ஜேஜு கடலுக்குள் புகுந்தன. தம் கட்டுகிறவள் ஒரு நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். குழாய்க்காரன் கீழேயே நின்று பாறையை வழித்துவிடலாம். வழித்தார்கள். சொந்தக் கடல் மெலிந்துபோன பெண்கள் புசானுக்கும் ஜப்பானுக்கும் விளாடிவொஸ்தோக் வரைக்கும் பிழைக்கப் போனார்கள். கொண்டுவந்த சரக்குக்கு விலை வைத்த கூட்டுறவுச் சங்கமும் ஜப்பானியர் பிடியில் போனது. 1932 ஜனவரியில் சேஹ்வா சந்தை நாளில் கொக்கிகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் திரண்டு நின்றது அந்த விலைக் கொள்ளைக்கு எதிராகத்தான். முன்னால் நின்ற பூ சுன்ஹ்வா, கிம் ஓக்ரியோன், பூ தோக்ரியாங் மூவரும் சிறை போனார்கள்.

அந்தப் போராட்டம் கிளம்பிய ஹாதோ ஊரில் இப்போது ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே என்னை நிறுத்தி வைத்தது பழைய பருத்தி உடை. ஒரு தோளில் மட்டும் பட்டை. ஒரு பக்கம் திறந்து முடிச்சுப் போடுகிற மாதிரி தைத்திருக்கிறார்கள். வயிறு பெருத்தால் முடிச்சைத் தளர்த்திக்கொள்ளலாம்: பிள்ளைத்தாய்ச்சியும் கடலில் இறங்கினாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பக்கத்தில் அபலோனியைப் பெயர்க்கும் தட்டை இரும்பு, மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிற்று வளையத்தோடு. சிப்பி சுதாரித்து இரும்பைப் பாறையோடு அமுக்கிக்கொண்டால், கையை உருவத் தெரியாதவள் மேலே வரமாட்டாள்.

குளிர்காலத்தில் அந்தக் கடல் கடுமையாகக் குளிரும். பருத்தி உடையில் அரை மணி தாங்குவதே பெரிது. கரையேறி, கல் சுவருக்குள் மூட்டிய நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்க வேண்டும். 1960களில் ஹோங் சுக்கி என்ற உடலியல் ஆய்வாளர் கொரியாவின் குளியாள் பெண்களைச் சோதித்தார். சும்மா இருக்கும்போதே அவர்கள் உடல் எரிக்கும் சக்தி, குளிர்காலத்தில் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. 1970களில் ரப்பர் உடை வந்தது. கடலில் இருக்கும் நேரம் பல மணியாக நீண்டது, வருமானம் ஏறியது. சில வருடங்களில் ஹோங் குழுவினர் திரும்பச் சோதித்தபோது அந்தக் குளிர் தாங்கும் திறன் காணாமல் போயிருந்தது.

ரப்பர் உடையை ஏற்றவர்கள் சிலிண்டரை மட்டும் ஏற்கவில்லை. பாரம்பரியப் பற்று என்று சொல்லிவிடலாம்; எனக்கு இது குழாய்ப் படகு கற்றுக்கொடுத்த கணக்காகத்தான் படுகிறது. எவ்வளவு எடுக்கலாம் என்பதை மூச்சே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதற்கு மேல் சட்டதிட்டமும் உண்டு. 7 செ.மீ.க்குக் குறைந்த சோரா நத்தையை எடுக்கக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சோராவைத் தொடவே கூடாது. கரையோர ஆழமில்லாத இடத்தைச் சில ஊர்களில் 'பாட்டி கடல்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வயதான குளியாட்களைத் தவிர அங்கே யாரும் கை வைக்கக் கூடாது.

இப்போது பல ஊர்களில் அந்தப் பாட்டிகள்தான் மிச்சம். 1960களில் 20,000 பேருக்கு மேல் இருந்தவர்கள் இன்று 3,000க்கும் கீழே. பெரும்பாலானோர் 60 தாண்டியவர்கள். தெற்கே சோக்விபோவை அடுத்த முன்சோம் என்ற குட்டித் தீவில் ஸ்கூபா படகுகள் வரிசை கட்டுகின்றன, மென்பவளம் பார்க்க. காசு கட்டினால் சிலிண்டர் மாட்டிக்கொண்டு யாரும் இறங்கலாம், கேமராவும் கொண்டுபோகலாம். ஒரு நத்தையைக்கூட எடுத்துக்கொண்டு மேலே வரக் கூடாது.