குருதியும் குலவரிசையும்

குலவரிசை எழுதிவைப்பது அரசர்க்கும் பிரபுக்களுக்குமே உரியது என நாம் எண்ணிவிடுகிறோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையின் பழங்குடியினரான மலையாளிகள் தம் முன்னோர் கதையை ஓலைச்சுவடியொன்றில் பேணிவந்தனர். இங்கு மலையாளி என்பது கேரளத்தாரைக் குறிப்பதன்று; மலைவாழ் மக்கள் என்பதே அதன் பொருள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல்தொகுதி அக்கதையை நமக்குத் தருகிறது.

கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுக்கவே, வேடர்கள் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். "நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் மாண்டதாகக் கருதி ஈமக்கடன் செய்துவிடுங்கள்" என்பது அவர்கள் மனைவியரிடம் சொல்லிச் சென்ற சொல். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் அரும்பாடுபட்டுக் கரையேறினர். நாய்களோ பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. பகையை முடித்து ஊர் மீண்டபோது ஈமக்கடன் முடிந்திருந்தது, மனைவியர் கைம்பெண்களாகியிருந்தனர். இறந்தவர் எனத் தள்ளப்பட்ட எழுவரும் வேடர்குலப் பெண்களையே மணந்து, ஜவ்வாது மலையேறி உழுது வாழ்ந்தனர் என்று கதை முடிகிறது.

இது கல்வெட்டுச் சான்று அன்று, மரபுக் கதையே. எனினும், ஒரு மக்கள் தம்மைப் பற்றி எதை நினைவிற் கொள்ள விரும்பினர் என்பதற்கு இதுவே சான்று.

இதே மரபுணர்வு அதிகாரத்தின் கையில் என்ன ஆகும் என்பதை டியூடர் மன்னர் காலத்து இங்கிலாந்து காட்டுகிறது. ஏழாம் ஹென்றி 1485இல் போர்க்களத்தில் முடி வென்றவர். குருதி உரிமையில் அவரினும் நெருங்கியோர் பலர் இருந்தனர். நான்காம் எட்வர்டு மன்னரின் தம்பி மகளாக 1473இல் பிறந்த மார்கரெட் போல் அவர்களுள் ஒருவர். அவருடைய தம்பி எட்வர்டு 1499இல் தலை வெட்டப்பட்டார். எட்டாம் ஹென்றி மார்கரெட்டைச் சால்ஸ்பரி சீமாட்டியாக உயர்த்தித் தம் மகள் மேரியை வளர்க்கும் பொறுப்பையும் அளித்தார். ஆனால், மார்கரெட்டின் மகன் கர்தினால் ரெஜினால்டு போல், மன்னர் திருச்சபைத் தலைமையைத் தாமே ஏற்றதை எதிர்த்து எழுதியபோது, பழைய அரச குருதியே அக்குடும்பத்தின் குற்றமாயிற்று. மூத்த மகன் ஹென்றி 1539இல் கொல்லப்பட்டார். முறையான விசாரணையின்றிப் பாராளுமன்றச் சட்டத்தாலேயே குற்றவாளியாக்கப்பட்ட தாய், 1541 மே 27 அன்று லண்டன் கோட்டையில் வெட்டுண்டார். அப்போது அவருக்கு வயது 67. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1886இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

போல் குடும்பத்தின் குலவரிசையில் ஒவ்வொரு பெயரும் அரியணைக்கு எவ்வளவு அண்மை என்றே அளக்கப்பட்டது. அண்மை மிகுந்தவர் முதலில் மாண்டனர். மலைமக்களின் சுவடி வேறு அளவுகோல் கொண்டது. தம் தந்தையர் ஊராரால் தள்ளப்பட்டவர் என்பதை அது மறைக்கவில்லை. எந்தக் குலத்துக்குப் பெண் தர மறுத்தனரோ, அந்தக் குலத்துப் பெண்களே தம் தாய்மார் என்பதையும் மறைக்கவில்லை. செருக்கில் தொடங்கும் கதை உறவில் முடிகிறது.

நம் ஆலயங்களிலும் திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படுகிறது. அந்த ஓலை பீடத்தருகே வருமுன்பே, பெண்ணும் மாப்பிள்ளையும் எந்தச் சாதி, எந்த வழி என்னும் விசாரணையை நம் இல்லங்கள் முடித்துவிடுகின்றன. அக்கேள்வியை எழுப்பும் வீட்டாருக்கு ஜவ்வாது மலையின் ஓலையையும் ஒருமுறை வாசித்துக் காட்டலாம்.