எண்ணின் நீளமும் எண்ணின் மதிப்பும்

999, 1000 என்னும் இரண்டையும் கரும்பலகையில் எழுதி, பெரியது எது என வினவினால், இலக்கம் மிகுந்ததே பெரிது என இக்காலத்துச் சிறுவன் உடனே விடையிறுப்பான். இவ்விதி இயல்பாய் அமைந்ததன்று. வரலாறு ஈட்டித் தந்த செல்வமாகும்.

பழந்தமிழ்க் குறியீட்டில் ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள குறிகளோடு, பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் வழங்கின. சுழிக்குக் குறியில்லை. அம்முறையில் 999 என்பது ௯௱௯௰௯ என ஐந்து குறிகளால் அமையும். ஆயிரமோ ௲ என ஒரே குறியில் முடியும். நீளத்தை நம்பினால் ஆயிரமே சிறிதாகிவிடும்! ஆதலின் திண்ணைப் பள்ளி மாணாக்கன் எண்சுவடியை ஓதி, ஒவ்வொரு குறியின் மதிப்பையும் மனத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

இடமதிப்பும் சுழியும் இந்நிலையை மாற்றின. சுழியோடு கணக்கிடும் விதிகளைப் பிரமகுப்தர் கி.பி. 628-இல் வகுத்தார். நமக்கு அண்மையிலுள்ள பாங்கா தீவின் கோத்தா காப்பூர்க் கல்வெட்டில், சக ஆண்டு 608, அதாவது கி.பி. 686, சுழியோடு கூடிய இலக்கங்களால் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் மொழி பழைய மலாய். தமிழ் எண்களோடு சுழியைச் சேர்த்தெழுதும் முறையை 1825-இல் அச்சான ‘கணித தீபிகை’ கற்பித்தது.

குறி மாறிற்று, சொல் மாறவில்லை. தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் இன்றும் ஒலிக்கின்றன. ஒலியை மட்டும் பற்றும் குழந்தை மயங்க இடமுண்டு. எனவே சொல்லையும் இலக்கத்தையும் பொருளோடு பொருத்திக் காட்டுதல் ஆசிரியர் கடன். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெருங்கட்டாக்கினால் நூறு கண்முன் நிற்கும்.

அடுத்து 412, 398 ஆகியவற்றை ஒப்பிடச் செய்யலாம். 9, 8 என்னும் பெரிய இலக்கங்களைக் கண்டு 398 பெரிதெனச் சில சிறுவர் கூறுவர். நூறுகளின் இடத்தை முதலில் நோக்கச் செய்தல் வேண்டும். நான்கு பெருங்கட்டு ஒருபுறம், மூன்று மறுபுறம். பத்துகளும் ஒன்றுகளும் எவ்வளவு மிகினும் 99-ஐத் தாண்டா. குறைந்த ஒரு நூற்றை அவை ஈடுசெய்ய இயலாது.

இக்காரணத்தைக் கற்பியாது, நீளமே பெருமை என்னும் விதியை மட்டும் கற்பித்தால் தீங்குண்டு. பின்னாளில் 0.4, 0.35 என்னும் தசமங்கள் வரும்போது, விதியை மனனம் செய்தவன் நீண்டதையே பெரிதென்பான். இடத்தின் இயல்பை அறிந்தவன் இடறான்.