லிங்கனின் அப்பா சோம்பேறியா?

முதலில் ஒரு கதையைக் கழித்துவிடுவோம். ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகச் சபைக்கு வந்த அன்று ஒரு பணக்காரர் எழுந்து, "உங்க அப்பா தைத்த செருப்பு இன்னும் என் காலில் இருக்கிறது" என்று கேலி செய்தாராம், லிங்கன் அசராமல் பதிலடி கொடுத்தாராம். பட்டிமன்றத்தில் கேட்டிருப்பீர்கள், ஃபார்வர்டு மெயிலில் வந்திருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லிங்கனின் அப்பா செருப்புத் தைத்துப் பிழைத்தவர் இல்லை. அவர் விவசாயி. பக்கத் தொழில் தச்சு வேலை.

பெயர் தாமஸ் லிங்கன். 1778-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். கென்டக்கி, இண்டியானா, இல்லினாய் என்று மூன்று மாநிலங்களில் காடு வெட்டி, மக்காச்சோளம் போட்டு, 1851-ல் கண்ணை மூடினார். நாம் அவரைச் செருப்புத் தைக்க வைத்தோம் என்றால், அமெரிக்காக்காரர்கள் அவரைச் சோம்பேறி ஆக்கினார்கள். ஒரு இடத்தில் நிலைக்காதவர், உருப்படாதவர், மகன் படிப்பதைப் பிடிக்காதவர் என்று 19-ம் நூற்றாண்டு வாழ்க்கை வரலாறுகள் அவரைப் பிய்த்து எடுத்திருக்கின்றன. மகனும் காப்பாற்றவில்லை. 1860-ல் தேர்தலுக்காக எழுதிக் கொடுத்த சுயகுறிப்பில், தன் பெயரைத் தட்டுத்தடுமாறி எழுதுவதற்கு மேல் அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்று லிங்கனே சொல்லிவிட்டார்.

எழுதத் தெரியாத மனிதர் டைரி வைத்திருக்க மாட்டார், கடிதம் எழுதியிருக்க மாட்டார். அவர் தரப்பை எங்கே போய்க் கேட்பது? வரி ரசீது, கிரயப் பத்திரம், கோர்ட்டுப் பதிவு, கடைக்காரரின் பேரேடு, இவ்வளவுதான் வழி. பி.காம். படிக்கிற எனக்கு இந்த விவசாயி மேல் ஆர்வம் வந்ததற்குக் காரணம் இதுதான். மனுஷனுக்கு ஆதரவாகச் சாட்சி சொல்ல வந்தது முழுக்க முழுக்கக் கணக்குப் புத்தகங்கள் :-)

வம்சத்திலிருந்து ஆரம்பிக்கலாம். லிங்கனுக்குத் தன் தாத்தாவுக்கு மேலே எதுவுமே உறுதியாகத் தெரியாது. 1848-ல் காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தபோது, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹிங்ஹம் ஊரிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர், நீங்களும் எங்கள் வகையறாதானா என்று விசாரித்தார். தனக்குத் தெரிந்ததை லிங்கன் பதிலாக எழுதினார். அப்பா தாமஸ். தாத்தா ஆபிரகாம், வர்ஜீனியாவின் ராக்கிங்ஹம் கவுண்டியிலிருந்து 1782 வாக்கில் கென்டக்கி போனவர். அதற்கும் முன்னால் பென்சில்வேனியா என்று வீட்டில் பேச்சு. அவ்வளவுதான். அதே மாதம் ராக்கிங்ஹம் கவுண்டியிலேயே டேவிட் லிங்கன் என்று ஒருவர் இருப்பது தெரிந்து, அவருக்கும் எழுதிக் கேட்டார்.

இரண்டு பக்கமும் மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்று ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற பழக்கம் அங்கேயும் உண்டு. ஆனால் பெயர் ஒற்றுமையை வைத்துச் சொந்தம் கொண்டாட முடியுமா? பெயர்கள் ஒத்துப்போவதைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை என்று 1859-ல் லிங்கன் கைவிட்டுவிட்டார்.

அவர் இறந்த பிறகுதான் மற்றவர்கள் உயில்களையும் பத்திரங்களையும் கோத்துச் சங்கிலியை முடித்தார்கள். 1909-லும் 1923-லும் இதற்கென்றே தடிமனான புத்தகங்கள் வந்தன. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி ஹிங்ஹமிலிருந்து 1637-ல் கப்பலேறிய சாமுவேல் லிங்கன் என்ற நெசவுக்காரர்தான் மூலம். அவர் மகன் மொர்தெகாய். அவர் மகன் இன்னொரு மொர்தெகாய், நியூ ஜெர்சி போய், பிறகு பென்சில்வேனியா போனவர். அவர் மகன் ஜான், வர்ஜீனியா. அவர் மகன் ஆபிரகாம், கென்டக்கி. அவருடைய கடைசி மகன்தான் நம் தாமஸ். ஆக, சாலமன் லிங்கன் சந்தேகப்பட்டது சரி. உறவுதான்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒன்று தெரியும். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் எவரும் பிறந்த இடத்தில் சாகவில்லை. ஊர் ஊராக அலைந்தார் என்று தாமஸை மட்டும் திட்டுவது என்ன நியாயமோ!

1786 மே மாதம் தாத்தா ஆபிரகாம் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடிகள் தாக்கிச் சுட்டுக் கொன்றார்கள் (அவர்கள் நிலத்தில்தான் இவர்கள் போய் வேலி போட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்). பக்கத்தில் இருந்த தாமஸுக்கு எட்டு வயது. அவரைப் பிடிக்க வந்தவனை மூத்த அண்ணன் மொர்தெகாய் வீட்டுக்குள்ளிருந்து சுட்டு வீழ்த்தியதாகக் குடும்பக் கதை.

இதற்கு அடுத்து நடந்ததுதான் முக்கியம். அப்பா விட்டுப்போன ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் யாருக்கு? கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் ஒரு பகுதி. உயில் இல்லாமல் இறந்தால் நிலம் மூத்த மகனுக்கே என்பது பழைய சட்டம். அதை மாற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று 1785-லேயே வர்ஜீனியா சட்டம் போட்டுவிட்டது. ஆனால் அமலுக்கு வந்த தேதி 1787 ஜனவரி 1. அப்பா இறந்தது 1786 மே. ஏழெட்டு மாத வித்தியாசத்தில் மொர்தெகாய் வசதியான நிலக்காரர் ஆனார், தாமஸ் கூலி வேலைக்குப் போனார். பள்ளிக்கூடம் போகாததற்கும் கையெழுத்து தடுமாறியதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. சோம்பலில் இல்லை.

சரி, கூலிக்காரப் பையன் என்ன செய்தார்? 1803-ல், இருபத்தைந்து வயதில், கென்டக்கியின் ஹார்டின் கவுண்டியில் 238 ஏக்கர் வாங்கினார். விலை 118 பவுன். எலிசபெத்டவுன் கடை ஒன்றின் பேரேட்டில் அவருக்குக் கணக்கு இருக்கிறது. ஜூரியாக உட்கார்ந்திருக்கிறார். அடிமைகள் தப்பிப் போகாமல் பார்க்கும் ரோந்துப் பணிக்கும் அவரைப் போட்டிருக்கிறார்கள். லிங்கனின் அப்பா என்பதால் இதை மறைக்க வேண்டியதில்லை, அதுவும் பதிவேட்டில் உள்ளதுதான். 1808 டிசம்பரில் 200 டாலர் ரொக்கம் கொடுத்து இன்னொரு பண்ணை வாங்கினார். அங்கேதான் 1809 பிப்ரவரி 12-ல் ஆபிரகாம் பிறந்தார். 1814-ம் ஆண்டு வரிப் பட்டியலில் பெயர் உள்ள 98 பேரில் சொத்து மதிப்பில் தாமஸுக்கு 15-வது இடம். சோம்பேறிக்கு இது கிடைக்குமா?

பிறகு எங்கே சறுக்கியது? கென்டக்கியின் நில அளவையில். அங்கே அரசு முன்கூட்டி அளந்து கல் நடவில்லை. வாங்குபவனே ஆள் வைத்து அளந்துகொள்ள வேண்டும். "இந்த வெள்ளை ஓக் மரத்திலிருந்து அந்த ஓடை வளைவு வரை" என்கிற ரீதியில்தான் பத்திரம் எழுதுவார்கள். மரம் விழும், ஓடை திசை மாறும். ஒரே நிலத்துக்கு மூன்று நான்கு பேர் பத்திரத்தோடு வந்து நிற்பார்கள். தாமஸின் மூன்று பண்ணைகளிலும் வில்லங்கம். முதல் பண்ணையில் அளவைத் தவறால் 38 ஏக்கர் குறைந்து, 118 பவுனுக்கு வாங்கியதை 100 பவுனுக்கு விற்றார். இரண்டாவதில், தனக்கு முன்னால் வாங்கியவர்களில் ஒருவர் வைத்துப்போன பாக்கிக்காக வழக்கு வந்து பண்ணையே போனது. மூன்றாவது இடத்தில் இவரையும் அக்கம்பக்கத்து விவசாயிகளையும் வெளியேற்றக் கேட்டு, பெரிய நில உரிமை கொண்டாடிய வெளியூர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள்.

1816 டிசம்பரில் குடும்பத்தோடு ஆற்றைக் கடந்து இண்டியானா போனார். அடிமை முறை ஓரளவு காரணம், முக்கியமான காரணம் நில உரிமைச் சிக்கல் என்று மகனே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

ஏன் இண்டியானா? அங்கே 1785-ம் வருட நிலச் சட்டப்படி மத்திய அரசே அளந்து, ஆறு மைல் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகப் பிரித்து நம்பர் போட்டிருந்தது. எண்ணைச் சொன்னால் நிலம் எது என்று சண்டையே வராது. மூன்று முறை சூடுபட்ட மனிதர் இதைத் தேடிப் போனது புத்திசாலித்தனம் என்றுதான் நான் சொல்வேன்.

1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் 160 ஏக்கருக்குப் பதிந்தார். ஏக்கர் 2 டாலர், மொத்தம் 320. முன்பணம் இருபதில் ஒரு பங்கு, 16 டாலர். அடுத்து 64 கட்டி, கால் பங்கான 80 டாலரை முடித்தார். மீதி தவணை. அந்த நேரம் பார்த்து 1819-ல் நாடு முழுக்கப் பொருளாதார நெருக்கடி. தானிய விலை விழுந்தது, வங்கிகள் மூடின, தவணை வாங்கிய விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் 1821-ல் காங்கிரஸ் ஒரு வழி செய்தது. நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கட்டிய பணத்தை மீதிக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். தாமஸ் பாதியை ஒப்படைத்தார். மீதி 80 ஏக்கருக்கு 1827-ல் அவர் பெயரில் பட்டா வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எவரும் கேள்வி கேட்க முடியாத நிலம்!

இதற்கு நடுவில் 1818 அக்டோபரில் மனைவி நான்சி இறந்துவிட்டார். ஒரு விஷச்செடியைத் தின்ற மாட்டின் பாலால் வரும் நோய். அடுத்த வருடம் சாரா என்ற விதவையை மணந்துகொண்டு வந்தார். அந்தச் சித்திதான் லிங்கனைப் படிக்க விட்டவர்.

நான்சி விஷயத்தில்தான் தாமஸுக்குப் பெரிய அவமானம் காத்திருந்தது. அதுவும் செத்த பிறகு. லிங்கன் ஜனாதிபதி ஆனதும் வம்சம் தேடியவர்கள், தம்பதி குடியிருந்த எலிசபெத்டவுன் கோர்ட்டில் கல்யாணப் பதிவைத் தேடினார்கள். இல்லை. உடனே, கல்யாணமே நடக்கவில்லை, ஆபிரகாமுக்கு அப்பா வேறு யாரோ என்று பேச்சு கிளம்பியது. லிங்கனின் நண்பர் லேமன் பெயரில் 1872-ல் வந்த புத்தகமே இந்தச் சந்தேகத்தை அச்சில் ஏற்றியது.

பதிவு இருந்தது. பக்கத்து வாஷிங்டன் கவுண்டியில், நான்சி தங்கியிருந்த சொந்தக்காரர் வீடு இருந்த பக்கம். 1878-ல் அந்தக் கோர்ட்டின் கிளார்க் பழைய கட்டுகளிலிருந்து எடுத்தார். 1806 ஜூன் 10 தேதியிட்ட 50 பவுன் ஜாமீன் பத்திரம். கல்யாணத்துக்குச் சட்டத் தடை ஏதாவது இருந்தால் இந்தப் பணத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று மாப்பிள்ளையும் ஒரு ஜாமீன்தாரரும் எழுதிக் கொடுப்பது. ஜாமீன் போட்டவர் ரிச்சர்ட் பெர்ரி. கீழே தாமஸ் லிங்கனின் கையெழுத்து. இரண்டு நாள் கழித்து, ஜூன் 12-ல், கல்யாணம் நடந்ததாகப் பாதிரியார் ஜெஸ்ஸி ஹெட் கொடுத்த பட்டியலில் ஒரு வரி. பக்கத்துக் கவுண்டியில் தேட எவருக்கும் தோன்றாததால் ஒரு குடும்பத்தின் மானம் இத்தனை வருடம் தெருவில் கிடந்திருக்கிறது. லிங்கன் அப்போது இறந்து பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது.

இன்னொரு ஐம்பது வருடம் கழித்து, லூயிஸ் வாரன் என்பவர் கென்டக்கி கோர்ட்டுகளில் உட்கார்ந்து பொறுமையாகத் தோண்டி 1926-ல் புத்தகம் போட்டார். மேலே சொன்ன பத்திரமும் வரியும் பரவலாகத் தெரிய வந்தது அவரால்தான். நான்சியின் தாய்வழி யார் என்ற சண்டை இன்னும் நீண்டு, 2015-ல் டி.என்.ஏ. பரிசோதனை வரை போனது. அம்மா லூசி ஹாங்க்ஸ், ஜோசப் ஹாங்க்ஸின் மகள் என்ற பக்கமே அது சாய்ந்தது. அது தனிக் கதை.

கணக்குப் புத்தகம் பதில் சொல்லாத இடம் ஒன்று உண்டு. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் என்ன? 1841-ல் இல்லினாயில் பெற்றோர் குடியிருந்த இடத்தில் 40 ஏக்கரை 200 டாலருக்கு மகன் வாங்கி, அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். பணம் கொடுத்திருக்கிறார், சரி. ஆனால் 1851 ஜனவரியில் அப்பா சாகக் கிடக்கிறார் என்று கடிதம் வந்தபோது, இப்போது பார்த்தால் சந்தோஷத்தைவிட வலிதான் மிஞ்சும் என்று சித்தியின் மகனுக்குப் பதில் எழுதினார். வீட்டில் மனைவிக்கும் உடம்பு சரியில்லை என்று ஒரு காரணம். ஐந்து நாளில், ஜனவரி 17-ல், தாமஸ் போய்ச் சேர்ந்தார். மகன் அடக்கத்துக்கும் போகவில்லை.

1853-ல் பிறந்த கடைசிப் பையனுக்கு லிங்கன் வைத்த பெயர் தாமஸ். 1861 ஜனவரி கடைசியில், பதவியேற்க வாஷிங்டன் கிளம்புவதற்கு முன், சித்தியைப் பார்க்கப் போனபோது அப்பாவின் கல்லறைக்கும் போய் நின்றார். அதற்குப் பிறகு போர், பிறகு அந்தத் துப்பாக்கிக் குண்டு. 1867 டிசம்பரில் மேரி லிங்கன் தன் மாமியார் சாராவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கோடையில் அப்பாவின் கல்லறைக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று, இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் தன் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அதில் இருக்கிறது.